எரியாமல் ஒளிரும் சூரியன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், வேறொரு கேள்விக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "சூரியன் எரியவில்லை" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த இதழுக்கான பக்கங்கள் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, கேள்விகளைச் சுருக்கிக் கீழே தந்திருக்கிறேன்.

கேள்வி: கண்ணெதிரே தகதகவென்று எரிகிற சூரியனை எரியவில்லை என்கிறீர்கள். எரியாத பொருள் எப்படி வெளிச்சம் தரும்?

பதில்: எரிதல் என்பது ஒரு பொருள் ஆக்சிஜனோடு சேரும் வேதிவினை. அதில் அணுக்கள் துணை மாறிச் சேர்கின்றனவே தவிர, எந்த அணுவும் வேறோர் அணுவாக மாறுவதில்லை. ஆகவே அதிலிருந்து கிடைக்கும் ஆற்றலும் சொற்பமே. சூரியனின் நிறை, 2 என்ற எண்ணுக்குப் பின்னால் 30 சுழியங்களை இட்டால் வரும் அத்தனை கிலோகிராம். அவ்வளவும் நல்ல நிலக்கரியாகவே இருந்து, அதை எரிப்பதற்கான ஆக்சிஜனும் எங்கிருந்தோ தட்டுப்பாடின்றிக் கிடைத்தாலும்கூட, சூரியன் இப்போது ஆற்றலை வெளியிடும் வேகத்துக்கு அந்த நிலக்கரி சுமார் 5,000 ஆண்டுகளில் தீர்ந்துபோகும். பூமியின் வயதோ 450 கோடி ஆண்டுகளைத் தாண்டியது. ஆகவே சூரியனில் நடப்பது எரிதல் அல்ல என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

எரியாத பொருள் ஒளிர்வதை நாம் பார்க்காதவர்கள் அல்லர். உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு செந்நிறமாக ஒளிர்கிறது; பழைய மின்விளக்கின் டங்ஸ்டன் இழை, காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள், எரிய வழியே இல்லாத இடத்தில், வெளிச்சம் தருகிறது. அடர்ந்த பொருள் எதுவாயினும் போதிய அளவு சூடாக இருந்தால் ஒளியை உமிழும். சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருப்பதால் அது ஒளிர்கிறது. எனவே உங்கள் கேள்வியை நான் இப்படித் திருப்பிக்கொள்கிறேன்: சூரியன் ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது?

அது மிகவும் கனமாக இருப்பதால்தான் என்பது என் பதில். விண்வெளியில் பரந்து கிடந்த குளிர்ந்த வாயு மேகம் ஒன்று தன் ஈர்ப்பாலேயே சுருங்கிச் சூரியனாயிற்று. மேலிருந்து விழும் கல் தரையில் மோதும்போது அதன் வேகம் வெப்பமாக மாறுவதைப்போல, உள்நோக்கி விழுந்த அந்த வாயுவின் ஈர்ப்பாற்றலில் ஒரு பாதி ஒளியாக வெளியேறிவிட்டது. மறுபாதி உள்ளேயே தங்கி வாயுவைச் சூடாக்கியது. இன்று சூரியனின் மையத்தின்மீது அழுத்திக்கொண்டிருக்கும் மேலடுக்குகளின் பளு, நம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 25,000 கோடி மடங்கு. அந்தப் பளுவைத் தாங்கி நிற்க வேண்டுமானால் அங்குள்ள வாயு ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி சூட்டில் இருந்தே தீர வேண்டும். அதைவிடக் குறைந்தால் மேலடுக்குகள் இறங்கி அழுத்தும், அழுத்தப்பட்ட வாயு மறுபடியும் சூடேறும்.

கேள்வி: பளுவே சூட்டைத் தந்துவிடுகிறது என்றால், சிறு அணுக்கருக்கள் சேர்ந்து பெரிய அணுக்கருவாகும் அணுக்கரு இணைவுக்கு என்ன வேலை? அணுக்கரு இணைவினால்தான் விண்மீன்கள் சூடாகின்றன என்றுதானே பாடப் புத்தகங்களில் படித்தோம்?

பதில்: அந்தப் பாடம் தவறு என்று சொல்லமாட்டேன், முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் வைத்துச் சொல்கிறது என்பேன். அணுக்கரு இணைவு நடப்பதால் சூரியன் சூடாகவில்லை. சூடாக இருப்பதால் அங்கே அணுக்கரு இணைவு நடக்கிறது. இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு அல்ல என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சூரியனின் ஆற்றல் ஈர்ப்பிலிருந்தே வருகிறது என்று 1854ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னார். பிரிட்டனின் கெல்வின் பிரபு அதை மேலும் வளர்த்தார். சூரியன் ஆண்டுக்குச் சில பத்து மீட்டர் சுருங்கினாலே போதும், இன்று வெளிவரும் ஒளி முழுவதுக்கும் கணக்குச் சரியாகிவிடும். அந்தச் சிறு சுருக்கத்தை அன்றைய எந்தத் தொலைநோக்கியாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. கருத்தில் குறை ஒன்றும் இல்லை, காலம்தான் உதைத்தது. சுருங்கிச் சுருங்கி ஒளிர்ந்தால் சூரியனுக்குச் சுமார் 3 கோடி ஆண்டுகள்தான் கிடைக்கும். பாறை அடுக்குகளைப் படித்த நிலவியலாளர்களுக்கும், உயிரினங்கள் மெல்ல மெல்ல மாறி வந்ததைச் சொன்ன டார்வினுக்கும், அதைவிட மிக நீண்ட காலம் தேவைப்பட்டது. பின்னாளில் பாறைகளின் கதிரியக்கத்தை அளந்து பூமியின் வயதைக் கணக்கிட்டபோது, வழக்கு கெல்வினுக்கு எதிராகத் தீர்ந்தது.

இந்தக் கதையைச் சொல்லும் பலரும் இங்கேயே நிறுத்திவிட்டு, கெல்வின் தோற்றார் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த விண்மீனும் தன் முதல் காலத்தில் கெல்வின் சொன்ன வழியில்தான் ஒளிர்கிறது. சூரியனும் பிறந்து சில கோடி ஆண்டுகள் வரை அணுக்கரு இணைவைப் பெரிதாக நம்பாமல் சுருங்கியே ஒளிர்ந்தது. ஒரு குடும்பத்தின் வரவு செலவாக இதைப் பாருங்கள். மேற்பரப்பிலிருந்து ஒளியாக ஓயாமல் வெளியேறும் ஆற்றல் செலவு. சுருங்குவது கைமுதலைக் கரைத்து அந்தச் செலவைச் சமாளிப்பது. சுருங்கச் சுருங்க மையம் சூடேறி, ஒரு கட்டத்தில் அணுக்கரு இணைவு என்ற வருமானம் தொடங்குகிறது. வருமானம் செலவுக்குச் சமமானதும் சுருக்கம் நின்றுவிடுகிறது. சூரியன் இப்போது இருப்பது அந்த நிலையில்.

இதில் கவனிக்க வேண்டியது, செலவை நிர்ணயிப்பது வருமானம் அல்ல என்பதுதான். உள்ளே இருக்கும் வெப்பம் இடையிலுள்ள வாயு அடுக்குகளைக் கடந்து எவ்வளவு வேகமாகக் கசிய முடிகிறதோ, விண்மீன் அவ்வளவு பிரகாசமாக இருக்கும். அந்தக் கசிவின் வேகமோ பெரும்பாலும் விண்மீனின் நிறையைப் பொறுத்தது. ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் 1924ஆம் ஆண்டிலேயே, விண்மீனின் நிறையிலிருந்து அதன் பிரகாசத்தைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். விண்மீனுக்கு ஆற்றல் எந்த வினையிலிருந்து வருகிறது என்பதே அன்று யாருக்கும் தெரியாது. அது தெரியாமலேயே அவரது கணக்கு ஏறக்குறையச் சரியாக வந்தது.

இன்று இந்த நிமிடமே சூரியனுக்குள் அணுக்கரு இணைவு முழுவதும் நின்றுபோவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாளை இருட்டிவிடாது. மனிதனின் எழுதப்பட்ட வரலாறு இன்னும் நூறு மடங்கு நீண்டாலும் ஒளியில் பெரிய மாற்றம் தெரியாது. சூரியன் மீண்டும் மெல்லச் சுருங்கத் தொடங்கி, இன்னும் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒளிரும்; அதன் மையம் குளிர்வதற்குப் பதிலாக, இப்போது இருப்பதைவிடச் சூடாகிக்கொண்டே போகும். அணுக்கரு இணைவு சூரியனுக்குத் தருவது வெப்பத்தை அல்ல, ஆயுளை: 3 கோடி ஆண்டுகளாக இருந்திருக்கக்கூடியதை அது 1,000 கோடி ஆண்டுகளாக்குகிறது.

கேள்வி: அந்த இணைவின்போது உண்மையில் நடப்பது என்ன? நிறை ஆற்றலாக மாறுகிறது என்பதை எண்களோடு விளக்க முடியுமா?

பதில்: நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள், அதாவது நான்கு புரோட்டான்கள், பல படிகளைக் கடந்து ஒரு ஹீலியம் அணுக்கருவாகின்றன. 1,000 கிராம் ஹைட்ரஜன் உள்ளே போனால் 993 கிராம் ஹீலியம்தான் வெளியே வருகிறது. காணாமல்போன 7 கிராம், ஐன்ஸ்டைன் சொன்ன கணக்குப்படி ஆற்றலாகிவிடுகிறது. அந்த 7 கிராமின் ஆற்றல் சுமார் 20,000 டன் நிலக்கரியை எரித்தால் கிடைப்பதற்குச் சமம். சூரியனில் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இவ்வாறு மாறுகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்குச் சற்று அதிகமான நிறை ஆற்றலாகிறது. கேட்பதற்குத் திகைப்பாக இருந்தாலும், பிறந்ததிலிருந்து இன்றுவரை 460 கோடி ஆண்டுகளில் சூரியன் இப்படி ஒளியாக்கிச் செலவிட்டது தன் நிறையில் பத்தாயிரத்தில் மூன்று பங்கைத் தாண்டவில்லை.

புரோட்டான்கள் சேர்வது எளிதல்ல. இரண்டும் நேர்மின்னூட்டம் கொண்டவை. அருகில் வர வர ஒன்றையொன்று கடுமையாக விலக்கும். அந்த விலக்கத்தைத் தாண்டுவதற்குத் தேவையான ஆற்றலில், சூரிய மையத்தின் 1.5 கோடி டிகிரியிலும்கூட, ஒரு சராசரிப் புரோட்டானிடம் இருப்பது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதனால்தான் 1920களில் இயற்பியலாளர்கள் சிலர், விண்மீன்கள் இந்த வினைக்குப் போதிய சூடு உடையவை அல்ல என்று எடிங்டனோடு வாதிட்டார்கள். அப்படியானால் இதைவிடச் சூடான இடம் ஒன்றைத் தேடிக்கொண்டு போங்கள் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது குவாண்டம் இயற்பியல். ஏறிக் கடக்க முடியாத தடையை ஒரு நுண்துகள் சில வேளைகளில் ஊடுருவிக் கடந்துவிடும் என்பதை 1928ஆம் ஆண்டில் ஜார்ஜ் காமோவ் கதிரியக்கத்துக்குப் பயன்படுத்தினார். மறு ஆண்டே அட்கின்சனும் ஹௌட்டர்மான்ஸும் அதை விண்மீன்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள்.

ஊடுருவியும் வேலை முடிந்துவிடாது. இரண்டு புரோட்டான்கள் மட்டும் சேர்ந்த அணுக்கரு நிலைக்காது; கணத்தில் பிரிந்துவிடும். அவை ஒட்டியிருக்கும் அந்த மிகக் குறுகிய நேரத்துக்குள் ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறினால்தான், அதாவது ஒரு பாசிட்ரானையும் (நேர்மின்னூட்டம் கொண்ட எலெக்ட்ரான்) நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகள் ஒன்றையும் வெளியே தள்ளினால்தான், டியூட்டிரியம் என்ற கன ஹைட்ரஜன் உருவாகும். இந்த மாற்றம் எவ்வளவு அரிது என்றால், சூரிய மையத்தில் ஒரு புரோட்டான் தன் முறை வருவதற்குச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆனால் டியூட்டிரியம் பிறந்துவிட்டால், சில நொடிகளில் இன்னொரு புரோட்டானைச் சேர்த்துக்கொண்டு ஹீலியம்-3 ஆகிவிடும். பிறகு இரண்டு ஹீலியம்-3 சேர்ந்து ஒரு ஹீலியம்-4 ஆகி, இரண்டு புரோட்டான்களைத் திருப்பித் தந்துவிடும். சூரியனின் நீண்ட ஆயுளுக்குக் காரணம் அந்த முதல் படியின் தாமதம்தான்.

கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் துணையோடு இதே முடிவை அடையும் இன்னொரு வழியும் உண்டு. இரண்டையும் 1938, 1939 ஆண்டுகளில் விரிவாகக் கணக்கிட்ட ஹான்ஸ் பெத்தேவுக்கு 1967ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. சூரியனில் இந்த இரண்டாவது வழியின் பங்கு சுமார் ஒரு சதவீதம். சூரியனைவிடக் கனமான விண்மீன்களில் அதுவே முதன்மையான வழி.

கேள்வி: ஹைட்ரஜன் குண்டிலும் இதே இணைவுதான் நடக்கிறது என்கிறார்கள். குண்டு ஒரு கணத்தில் வெடிக்கிறது. சூரியன் ஏன் வெடிக்கவில்லை?

பதில்: குண்டில் பயன்படுவது ஹைட்ரஜனின் கன வகைகளான டியூட்டிரியமும் டிரிட்டியமும். மேலே சொன்ன தாமதமான முதல் படி அங்கே கிடையாது என்பதால், வினை நொடியின் மிகச் சிறிய பகுதியிலேயே நடந்து முடிந்துவிடும். சூரியனுக்கோ அந்தத் தாமதம் ஒரு காப்பு.

இன்னொரு காப்பு ஈர்ப்பு. ஏதோ ஒரு காரணத்தால் மையத்தில் இணைவு வேகம் கூடுவதாகக் கொள்வோம். மிகையான ஆற்றல் மையத்தின் அழுத்தத்தைக் கூட்டும். மையம் மேலடுக்குகளைத் தள்ளிக்கொண்டு சற்று விரியும். விரிந்த வாயு குளிரும். குளிர்ந்ததும் இணைவு வேகம் குறையும். வெப்பநிலை 10 சதவீதம் மாறினால் சூரியனில் இணைவின் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மாறிவிடும் என்பதால், இந்தத் திருத்தம் மிக நுட்பமாக வேலை செய்கிறது. வேகம் குறைந்துபோனால் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

சூரிய மையம் ஒரு கொதிக்கும் வெடிகுண்டு என்ற எண்ணத்தைக் கலைக்க எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. அங்கே ஒரு கன மீட்டர் இடத்தில் உற்பத்தியாகும் ஆற்றல் 300 வாட்டைத் தொடாது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது; அதன் கன அளவு ஒரு கன மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கன அளவுக்குக் கன அளவு பார்த்தால், இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் சூரியனின் நடு மையத்தையே பல மடங்கு மிஞ்சிவிடுகிறீர்கள். சூரியனின் பெருமை உற்பத்தியின் வேகத்தில் இல்லை. அதன் அளவில் இருக்கிறது.

கேள்வி: சூரியனின் மையத்துக்குள் யார் போய்ப் பார்த்தார்கள்? இதெல்லாம் கணக்கில் மட்டும் சரியாக வரும் கற்பனையாக இருக்கலாம் அல்லவா?

பதில்: ஐயம் நியாயமானது, இயற்பியலாளர்களுக்கும் அது இருந்தது. நல்ல வேளையாக, இணைவு நடக்கும்போதெல்லாம் நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. இவை எந்தப் பொருளோடும் ஏறக்குறைய உறவே கொள்ளாதவை என்பதால், பிறந்த இரண்டு நொடிகளில் சூரியனைவிட்டு வெளியேறி, எட்டு நிமிடங்களுக்குச் சற்று அதிகமான நேரத்தில் பூமியைக் கடந்துவிடுகின்றன. உங்கள் கட்டை விரல் நகத்தின் வழியாக ஒவ்வொரு நொடியும் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள், பகலென்றும் இரவென்றும் பாராமல், போய்க்கொண்டிருக்கின்றன.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், ரேமண்ட் டேவிஸ் என்பவர் 1960களின் பிற்பகுதியில் சுமார் 3.8 லட்சம் லிட்டர் குளோரின் கலந்த சலவைத் திரவத்தைத் தொட்டியில் நிரப்பிக் காத்திருந்தார். சூரிய நியூட்ரினோ ஒன்று எப்போதாவது ஒரு குளோரின் அணுவைத் தாக்கினால் அது ஆர்கனாக மாறும். அவ்வளவு பெரிய தொட்டியில் சராசரியாக இரண்டு நாளைக்கு ஓர் அணு என்ற கணக்கில்தான் ஆர்கன் கிடைத்தது. ஜான் பாக்கால் என்ற வானியற்பியலாளர் கணக்கிட்டுச் சொன்னதில் அது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. சூரியனைப் பற்றிய நம் கணக்கு தவறா, டேவிஸின் எண்ணிக்கை தவறா என்ற சர்ச்சை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கடைசியில் இரண்டுமே சரியாக இருந்தன. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. வரும் வழியிலேயே அவை வகை மாறிக்கொள்கின்றன. டேவிஸின் தொட்டி ஒரே ஒரு வகையைத்தான் அறியும். கனடாவின் சட்பரியில், கனநீர் நிரப்பிய ஆய்வகம் மூன்று வகைகளையும் சேர்த்து எண்ணி, 2001, 2002 ஆண்டுகளில் மொத்தம் சரியாக வருகிறது என்று காட்டியது. டேவிஸுக்கு 2002ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இத்தாலியில் மலைக்கு அடியில் இயங்கிய போரெக்சினோ ஆய்வு 2014ஆம் ஆண்டில் அறிவித்த முடிவு. இரண்டு புரோட்டான்கள் சேரும் அந்த முதல் படியிலேயே பிறக்கும் நியூட்ரினோக்களை அது நேரடியாகப் பிடித்தது. நியூட்ரினோ சொல்வது எட்டு நிமிடத்துக்கு முந்தைய வருமானத்தை. சூரிய ஒளி சொல்வதோ நெடுங்காலத்துக்கு முன் மையத்தில் கிளம்பிய ஆற்றல் இன்று செலவாவதை. இரண்டும் ஒத்துப்போயின. வருமானமும் செலவும் சமமாக இருக்கின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

கேள்வி: இன்று நாம் காணும் சூரிய ஒளி ஒரு லட்சம் ஆண்டுகள் பழையது என்று ஒரு காணொலியில் கேட்டேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை. மையத்திலிருந்து மேற்பரப்புக்குச் சுமார் 7 லட்சம் கிலோமீட்டர்; தடையில்லாமல் போனால் ஒளிக்கு இரண்டரை நொடிகூடத் தேவையில்லை. ஆனால் உள்ளே நெருக்கியடித்து நிற்கும் எலெக்ட்ரான்களும் அணுக்கருக்களும் ஒளித்துகளை ஒரு சென்டிமீட்டர்கூட நேராகப் போகவிடாமல் திசை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இப்படித் தட்டுத் தடுமாறி ஆற்றல் வெளியே வரப் பல பத்தாயிரம் ஆண்டுகள் முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வரை ஆகும் என்று கணக்கிடுகிறார்கள்.

பிழை எங்கே என்றால், அதே ஒளித்துகள்தான் வருகிறது என்று நினைப்பதில். மையத்தில் பிறப்பவை காமா கதிர்கள். அவை வழியெல்லாம் உறிஞ்சப்பட்டு, மீண்டும் மீண்டும் புதிதாக உமிழப்பட்டு, ஆற்றல் குறைந்த பல துகள்களாகப் பிரிந்துகொண்டே வருகின்றன. ஒரே ஒரு ஹீலியம் அணுக்கரு உருவாகும்போது வெளிப்பட்ட ஆற்றல், மேற்பரப்பைவிட்டுக் கிளம்பும்போது ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஒளித்துகள்களாகப் பங்கிடப்பட்டிருக்கும். கடைசி மூன்றில் ஒரு பங்குத் தொலைவில், கொதிக்கும் நீரைப்போல வாயுவே மேலெழுந்து வெப்பத்தைச் சுமந்து வருகிறது. நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளித்துகள், சில நூறு கிலோமீட்டர் தடிமனே உள்ள வெளித்தோலில், பெரும்பாலும் ஒரு ஹைட்ரஜன் அணு உதிரி எலெக்ட்ரான் ஒன்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் கணத்தில் பிறந்தது. ஆற்றல் பழையது, ஒளித்துகளோ எட்டு நிமிடக் குழந்தை.

கேள்வி: சூரியனில் ஹைட்ரஜன்தான் நிறைந்திருக்கிறது என்று முதலில் சொன்னவர் யார்?

பதில்: சிசிலியா பெய்ன். 1925ஆம் ஆண்டில், தம் 25ஆம் வயதில், ஹார்வர்டில் செய்த முனைவர் பட்ட ஆய்வில் சொன்னார். விண்மீனின் நிறமாலைக் கோடுகளிலிருந்து தனிமங்களின் அளவைக் கணக்கிட அவருக்குத் துணை நின்றது, இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹா 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு. சூரியனும் பூமியைப்போலவே இரும்பும் பாறையுமான பொருள்களால் ஆனது என்று அன்று பெரியவர்கள் நம்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் இதை ஏற்க மறுத்ததால், தம் சரியான முடிவையே அது உண்மையாக இருக்க முடியாது என்று ஆய்வேட்டில் எழுத வேண்டிய நிலை பெய்னுக்கு ஏற்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து, பெய்னின் கணக்கு சரி என்று எழுதினார்.

கேள்வி: திருவாதிரை விண்மீன் சிவப்பாகவும் சித்திரை விண்மீன் நீலம் கலந்த வெண்மையாகவும் தெரிவது ஏன்?

பதில்: மேற்பரப்பின் சூடுதான் காரணம். திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின். சித்திரையின் மேற்பரப்பு 20,000 கெல்வினுக்கும் மேல். காய்ச்சிய இரும்பு சிவப்பிலிருந்து மஞ்சளாகி வெளுப்பதைப்போல, சூடு ஏற ஏற நிறம் நீலத்தை நோக்கி நகர்கிறது. நிறம் மையத்தின் நிலையைச் சொல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெளியே சிவந்திருக்கும் திருவாதிரையின் உட்பகுதி சூரிய மையத்தைவிடப் பல மடங்கு சூடானது.

கேள்வி: ஹைட்ரஜன் தீர்ந்த பிறகு விண்மீன் அணைந்துவிடுமா?

பதில்: அணைவதற்குப் பதிலாக முன்னைவிடப் பிரகாசமாகிவிடும். மேலே சொன்ன வரவு செலவுக் கணக்கை மறக்காதவர்களுக்கு இது வியப்பாக இராது. மையத்தில் வருமானம் நின்றதும், செலவை ஈடுகட்ட மையம் மறுபடியும் சுருங்கத் தொடங்குகிறது. சுருங்கச் சுருங்கச் சூடேறுகிறது. அதைச் சுற்றியுள்ள அடுக்கில் ஹைட்ரஜன் இணைவு முன்பைவிட வேகமாக நடக்கிறது. வெளி அடுக்குகள் பெரிதாக விரிந்து, குளிர்ந்து, சிவக்கின்றன. சூரியனும் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் இப்படி ஒரு சிவப்பு ராட்சத விண்மீனாகும். மையம் ஏறத்தாழ 10 கோடி டிகிரியைத் தொடும்போது மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து ஒரு கார்பன் அணுக்கருவாகத் தொடங்கும்.

கனமான விண்மீன்களின் கதை வேறு. சூரியனைப்போல் பத்து மடங்கு நிறையுள்ள விண்மீன் பல ஆயிரம் மடங்கு பிரகாசமாக ஒளிர்ந்து, இரண்டு மூன்று கோடி ஆண்டுகளில் தன் மையத்து ஹைட்ரஜனைத் தீர்த்துவிடும். அதற்கும் மேலாக, கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கன் என்று ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிடக் குறுகியதாகி, கடைசியான சிலிக்கன் கட்டம் சில நாள்களில் முடிந்துவிடும். அந்த மிகை வெப்பத்தில் நியூட்ரினோக்கள் ஏராளமாகப் பிறந்து, ஆற்றலை மையத்திலிருந்து நேராக வெளியே அள்ளிச் சென்றுவிடுவதால், செலவு தலைகால் தெரியாமல் பெருகுவதே இந்த அவசரத்துக்குக் காரணம். இரும்பை எட்டியதும் இணைவதால் ஆதாயம் இல்லை. தாங்க ஆளில்லாத மையம் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் நொறுங்கி விழ, விண்மீன் சூப்பர்நோவாவாக வெடித்துச் சிதறுகிறது. அந்தச் சூப்பர்நோவா வெடிப்பின் பேராற்றல் எந்த அணுக்கரு இணைவிலிருந்தும் வருவதல்ல. முழுக்க முழுக்க ஈர்ப்பின் ஆற்றல். அதில் ஏறக்குறைய 99 சதவீதம் நியூட்ரினோக்களாகப் போய்விடும். 1987 பிப்ரவரி 23 அன்று, சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் நடந்த வெடிப்பிலிருந்து வந்த நியூட்ரினோக்களில் இருபத்து நான்கு, இருபத்தைந்து மட்டும் பூமியின் கருவிகளில் சிக்கின.

சூரியன் அந்த அளவுக்குப் போகாது. கார்பனும் ஆக்சிஜனும் நிறைந்த அதன் மையம், பூமியின் அளவுக்குச் சுருங்கி வெள்ளைக் குள்ளனாக நிற்கும். இதுவரை நான் சொல்லிவந்த விதி அங்கே ஓரிடத்தில் அறுபடுகிறது. வெள்ளைக் குள்ளனைத் தாங்குவது வாயுவின் சூடு அல்ல. எலெக்ட்ரான்கள் ஓரளவுக்கு மேல் நெருங்க மறுக்கும் குவாண்டம் அழுத்தம். அந்த அழுத்தத்துக்குச் சூடு தேவையில்லை என்பதால், வெப்பம் வெளியேற வெளியேறச் சுருங்காமலேயே அது குளிரலாம். எந்த வருமானமும் இல்லாமல், சேர்த்துவைத்த சூட்டை மட்டும் கொண்டு, பல நூறு கோடி ஆண்டுகள் மங்கிக்கொண்டே ஒளிரும். இந்தத் தாங்குதலுக்கும் ஓர் எல்லை உண்டு, அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறை என்ற முடிவுக்கு வழிவகுத்த கணக்கை, 1930ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது பத்தொன்பது வயது சந்திரசேகர் போட்டார்.

கேள்வி: வியாழன் விண்மீனாகத் தவறிய கோள் என்கிறார்களே?

பதில்: தவறியது என்றால், மிகவும் தூரத்தில் தவறியது. ஹைட்ரஜன் இணைவு நிலைத்து நடக்க வியாழனைப்போல் சுமார் 80 மடங்கு நிறை வேண்டும். ஆனாலும் வியாழன், சூரியனிடமிருந்து உறிஞ்சுவதைவிட அதிகமான ஆற்றலை வெப்பமாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த மிகை வெப்பத்தின் பெரும்பகுதி, அது உருவானபோது சுருங்கிச் சேர்த்த சூட்டின் மிச்சமும், இன்றும் அது மிக மெதுவாகச் சுருங்கிக்கொண்டிருப்பதன் பயனும்தான். சூரியனைப் பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸும் கெல்வினும் போட்ட கணக்கு, வியாழனுக்கு இன்றும் செல்லுபடியாகிறது.